தோன்றா எழுவாய்

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இத்திங்கட் கூட்டத்தில் இல்லறம் என்னும் பொருள்பற்றிச் சில சொல்லுமாறு நம் சங்கத்துச் செயலாளர் எம்மைப் பணித்தார். தமிழாசிரியன் ஒருவன் இல்லறத்தைப் பற்றிப் பேச எழுந்தால், திருக்குறளின் ஐந்தாம் ஆறாம் அதிகாரங்களை எடுத்து விரித்துரைப்பான் என்று நீங்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். இன்று யாம் அது செய்யப் போவதில்லை. யாம் பேசவிருப்பது எச்சிற் பாத்திரத்தைப் பற்றியும், ஊறவைத்த உளுந்தைப் பற்றியும், காயவைத்த துணியைப் பற்றியுமே. பொருள் சிறிதென்று இகழாது, சற்றே பொறுமையுடன் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம். பல குடும்பங்களில் அன்பு தேய்ந்து போவது பெருங் குற்றங்களால் அன்று. இத்தகைய சிறு பொருள்களால் என்பதை, நம் சங்கத்துக்கு வழக்குத் தீர்க்க வரும் குடும்பங்களைக் கண்ட பெரியோர் அறிவர்.

இப்பொருள் எம் உள்ளத்தில் தைத்த வரலாற்றை முதலிற் கூறுவோம். எம்முடன் பணியாற்றிய மூத்த ஆசிரியர் ஒருவர் அறுபது வயது நிறைந்து ஓய்வு பெற்றார். அவருக்குப் பாராட்டு விழா நிகழ்ந்தது. பொன்னாடை போர்த்தினோம், மோதிரம் அணிவித்தோம், வாழ்த்துப்பா யாமே எழுதிப் படித்தோம். இறுதியில், அருகே அமர்ந்திருந்த அவர்தம் மனைவியாரையும் இரண்டு சொற்கள் சொல்லுமாறு வேண்டினோம். அவ்வம்மையார் தயங்கி எழுந்து, "முப்பத்தைந்து ஆண்டுகளாகக் காலையிலேயே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். நாளை முதல் நண்பகலுக்குத் தனியே சூடாகச் சமைக்க வேண்டும். இவருக்கு வேலை முடிந்தது, எனக்கு ஒரு வேளை கூடிற்று" என்று கூறி அமர்ந்தார். அவையோர் கைகொட்டிச் சிரித்தனர். யாமும் சிரித்தோம்.

வீட்டுக்கு வந்த பின்னர் எமது சிரிப்பு நின்றது. நம் மாநில அரசு ஊழியர்க்கு ஓய்வு பெறும் வயது 60 என 2021-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அவ்வயதில் யாமும் ஓய்வு பெறுவோம்; ஓய்வூதியத்தைப் பற்றி இப்போதே கணக்கிடுகின்றோம். எம் இல்லாள் ஓய்வு பெறும் வயது யாது? எம் மாமியாருக்கு எழுபது கடந்துவிட்டது. இன்றும் விடியலில் எழுந்து, அரிவாள்மணை முன் அமர்ந்து, நடுங்கும் கையால் காய் அரிகின்றார். அவருக்கு ஓய்வளிக்கும் ஆணை எந்த அலுவலகத்திலிருந்து வரும்? இவ்வினாவுக்கு எம்மிடம் விடை இல்லை. ஆயிரம் பிள்ளைகளை வினாக்கேட்டு நிறுத்திய யாம் அன்று எம் வீட்டுத் திண்ணையில் விடையறியா மாணாக்கனாய் நின்றோம்.

இலக்கண வகுப்பில் தோன்றா எழுவாய் என்று ஒன்று கற்பிக்கின்றோம். 'வந்தான்' என்றாற் போதும்; 'அவன்' என்னும் எழுவாய் வாக்கியத்தில் வெளிப்படாது மறைந்து நிற்கும். நம் வீடுகளில் நாள்தோறும் எழும் வினாக்களை நோக்குங்கள். "சோறு ஆயிற்றா? துணி காய்ந்ததா? மாவு புளித்ததா?" இவற்றுள் சோறும் துணியும் மாவுமே எழுவாயாய் நிற்கின்றன; செய்தவர் எங்கும் தோன்றார். சோறு தானே ஆயிற்றுப் போலும்! துணி தானே துவைந்து கொடியேறிற்றுப் போலும்! நம் இல்லங்களில் தோன்றாது மறைந்து நிற்கும் எழுவாய் நம் தாயார்; நம் மனைவியர்.

பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கும் படிவத்தில் தாயின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. "வேலை ஒன்றும் இல்லை ஐயா, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று தகப்பனார் சொல்லுவார். பக்கத்திலே நிற்கும் தாயாரும் தலையசைப்பார். யாம் 'இல்லை' என்று எழுதுவோம். இங்ஙனம் எம் கையாலேயே எழுதிய 'இல்லை'கள் பல நூறு இருக்கும். நம் சங்கத்து வரன் பதிவேட்டிலும் இதுவே நிலை. வேலைக்குச் செல்லாத பெண்ணாயின் 'வேலை: இல்லை' என்றே பதிகின்றோம். தமிழில் ஒரு விந்தை உண்டு. இல்லாள் என்றால் இல்லத்துக்கு உரியவள் என்று பொருள். அதற்கு ஆண்பாலாக இல்லான் என்று சொன்னாலோ, ஒன்றும் இல்லாதவன் என்றே பொருள்படும். வீட்டு வேலையைப் பொறுத்த மட்டில் மொழி பொய் சொல்லவில்லை என்றே எமக்குத் தோன்றுகின்றது.

எண்ணிக்கையின்றிப் பேசுதல் வெற்றுரை ஆகும். ஆதலின் சில எண்களைக் கூறுவோம். இந்திய அரசின் தேசிய புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில், மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று நாடெங்கும் கணக்கெடுத்தது. வீட்டாருக்காக ஊதியமின்றி வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடங்களும், அவ்வேலை செய்யும் ஆடவர் 97 நிமிடங்களும் அதிற் செலவிட்டனர். அவ்வேலையிற் கைவைத்தவர் பெண்களில் நூற்றுக்கு 81 பேர். ஆடவரில் நூற்றுக்கு 26 பேர் மட்டுமே. 2024-இல் மீண்டும் கணக்கெடுத்தபோது பெண்களுக்கு 289 நிமிடங்களும் ஆடவருக்கு 88 நிமிடங்களும் ஆயின. பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது மெய்யே. ஆயினும் அப்பத்து நிமிடத்தை ஆடவர் தம் தோளில் ஏற்றுக்கொண்டனர் என்று மகிழ இக்கணக்கில் இடமில்லை. அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கின்றது.

நாட்டுக் கணக்கு நிற்க. எம் வீட்டுக் கணக்கைச் சொல்லுவோம். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள், பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, எம் இல்லாளின் ஒரு நாளை நேரத்தோடு குறித்தோம். காலை நாலே முக்காலுக்குக் குழாயில் தண்ணீர் வரும். அது நின்றுவிடுமுன் குடங்கள் நிறைய வேண்டும். அங்குத் தொடங்கிய நாள், இரவு பத்தேகால் மணிக்கு மறுநாள் இட்டிலிக்கு அரைத்த மாவைக் கரைத்து மூடிவைத்ததோடு முடிந்தது. இடையில் உண்ட நேரமும், பிற்பகலில் முக்கால் மணி நேரம் கண்ணயர்ந்ததும், மாலையில் பக்கத்து வீட்டாருடன் சிறிது பேசியதும் நீக்கிப் பார்த்தால், வேலை செய்த நேரம் பதின்மூன்று மணிக்கு மேல் இருந்தது. அன்று யாம் செய்தது யாது? விடுமுறை ஆதலின் நாற்காலியில் அமர்ந்து மூன்று முறை காப்பி வேண்டினோம், செய்தித்தாள் படித்தோம், ஒரு நண்பரை உணவுக்கு அழைத்துவந்தோம். விருந்தோம்பல் சிறந்த அறம் என்று அவரிடம் பேசியும் இருந்தோம்!

அரசு எமக்குச் சம்பளத்துடன் விடுமுறை தருகின்றது. அவ்விடுமுறையில் பிள்ளைகளும் யாமும் வீட்டில் இருப்பதனால் எம் இல்லாளுக்கு வேலை பெருகுகின்றது. எம் ஓய்வை அவர் தம் உழைப்பால் ஈட்டித் தருகின்றார் என்பது அன்றுதான் விளங்கிற்று.

அன்பர்களே! ஒருவர் வெளியே சென்று பொருளீட்ட, மற்றவர் வீட்டில் இருக்கும் குடும்பத்தில், வேலையைப் பங்கிடும் நியாயம் யாது? சிலர், சம்பளம் கொண்டுவருபவருக்கு வீட்டில் வேலையே இல்லை என்பர். வேறு சிலர், எல்லாவற்றையும் எண்ணி ஆளுக்குப் பாதி என்பர். முன்னது கொடுமை, பின்னது எல்லார்க்கும் பொருந்தாதது. நாள் முழுதும் வெயிலில் செங்கல் சுமந்து வந்த கொத்தனாரை, வீட்டிலும் சரிபாதி வேலை செய் என்றால் அதுவும் நியாயம் ஆகாது. யாம் கண்ட துலாக்கோல் வேறு. பணத்தை எடை போடாதீர். வேலையின் எண்ணிக்கையையும் எண்ணாதீர். ஓய்வை எடை போடுங்கள். இருவருக்கும் ஒத்த ஓய்வு இருக்கின்றதா? இருப்பின் அங்கே பங்கீடு நேரிது. இல்லையாயின், எவருக்கு ஓய்வு மிகுதியோ அவர் கை கடன்பட்டது.

இதனைச் சற்று விளக்குவோம். கணவர் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை, பேருந்திற் செல்லும் நேரத்தையும் சேர்த்து, வெளியே உழைக்கின்றார் என்க. அந்நேரமெல்லாம் மனைவியார் வீட்டில் உழைக்கின்றார். அதுவரை இருவரும் சமம். மாலை ஆறு மணிக்குப் பின்னும், காலை ஒன்பதற்கு முன்னும், ஞாயிற்றுக்கிழமையிலும் எஞ்சும் வேலை எவருடையது? அது மனைவியாருடையது என்று எந்நூலும் விதித்திலது. அஃது இருவர்க்கும் பொது. ஆசிரியன் இரவில் விடைத்தாள் திருத்தினால் அது வேலை, வணிகர் கணக்கெழுதினால் அதுவும் வேலை, அவற்றைக் கழித்துக்கொள்க. கைப்பேசியைத் தடவிக்கொண்டிருத்தல் வேலை அன்று. அதைக் கழித்தல் ஆகாது. இதுவே எம் கணக்கு. நான்காம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு.

இதற்கு எழும் மறுப்புகள் சிலவற்றை ஆராய்வோம்.

முதல் மறுப்பு: இப்போது எல்லாவற்றையும் இயந்திரம் செய்கின்றது, பெண்களுக்கு வேலை ஏது என்பது. ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து அரைத்த நம் பாட்டிமார்க்கு இருந்த துன்பம் இன்று இல்லை என்பது உண்மை. 2011-ஆம் ஆண்டு முதல் நம் மாநில அரசே மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றிக் குடும்பங்களுக்கு வழங்கிற்று. ஆயினும் கிரைண்டர் தானே அரிசி களைந்து ஊறவைப்பதில்லை. தானே மாவை வழித்தெடுப்பதில்லை. கல்லைத் தானே கழுவிக்கொள்வதும் இல்லை. துவைக்கும் இயந்திரம் துவைக்கும். உலர்த்தி மடித்து அடுக்காது. மேலும், பொத்தானை அழுத்துவது அத்துணை எளிதாயின், அவ்வெளிய தொழிலை ஆடவர் செய்தற்குத் தடை யாது?

இரண்டாம் மறுப்பு: அடுப்பங்கரையில் ஆடவன் நிற்றல் ஆண்மைக்கு இழுக்கு என்பது. நளபாகம் வீமபாகம் என்று நாம் புகழ்வது எவருடைய சமையலை? நளன் ஓர் அரசன். வீமனோ, விராடன் அரண்மனையில் ஓராண்டு மடைத்தொழில் செய்த பெருவீரன். நம் திருமணங்களில் நூற்றுக்கணக்கானவர்க்குச் சோறு வடிப்போர் பெரும்பாலும் ஆடவரே. கோயில் மடைப்பள்ளியிலும், கடைத்தெருவில் பரோட்டா வீசும் இடத்திலும் ஆடவரே நிற்கின்றனர். அவர்களை நாம் இகழ்கின்றோமா? இல்லை. ஆகவே ஆடவன் சமைப்பது இழிவன்று; ஊதியமின்றிச் சமைப்பதுதான் இழிவென நாம் கருதுகின்றோம். ஊதியமில்லா உழைப்பு இழிவாயின், அவ்விழிவை நம் தாயார் தலையில் இதுகாறும் சுமத்தியிருந்தது என்ன முறை?

மூன்றாம் மறுப்பு: நான் உதவி செய்யத்தான் செய்கின்றேன், சொன்னாற் செய்வேன் என்பது. இது நல்லவர் பலர் கூறும் மறுப்பு. யாமும் பல்லாண்டு கூறியதே. உதவி என்னும் சொல்லை ஆராய்ந்தால் உண்மை விளங்கும். பிறர் கடமையில் நாம் கைகொடுப்பதே உதவி. உண்டவன் தன் தட்டைக் கழுவுதல் எவருக்குச் செய்யும் உதவி? மேலும், 'சொன்னாற் செய்வேன்' என்பவர் ஒரு வேலையை மனைவியாரிடமே விட்டுவிடுகின்றார். அஃது எண்ணிச் சொல்லும் வேலை. கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், பால் கணக்கு எவ்வளவு, மாமியாரின் இரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கின்றது, பிள்ளைக்குத் தடுப்பூசி எந்நாளில் இட வேண்டும் என்பனவெல்லாம் ஒருவர் நினைவிலேயே இருப்பின், அவர் படுக்கையிலும் வேலை செய்துகொண்டே இருக்கின்றார் என்க.

ஏவுதல் வேறு, பகிர்தல் வேறு என்பதற்குக் காந்தியடிகள் தம் வரலாற்றில் மறையாது எழுதிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அவர் வாழ்ந்தபோது, தம் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாவின் மலசலக் கலத்தைக் கஸ்தூரிபாய் அம்மையார் கண்ணீரோடு சுமந்து சென்றார். அதனை மகிழ்ச்சியோடு செய்ய வேண்டும் என்று காந்தியடிகள் சினந்து, அம்மையார் கையைப் பற்றி வாயிற்கதவு வரை இழுத்துச் சென்றார். பின்னர் நாணி, தாம் செய்தது கணவன் என்னும் செருக்கே என ஒப்புக்கொண்டு எழுதினார். அத்தொழிலைத் தாமும் செய்தவர் அவர். அங்ஙனமிருந்தும் ஏவும் உரிமை தமக்கே உண்டென்று கருதியமையால் வழுவினார். ஒரு துடைப்பத்தையும் தொடாது ஏவும் நம் நிலை என்னாவது?

நான்காம் மறுப்பு நம் தாய்மாரிடமிருந்தே வருவது: அவர் செய்தால் ஒழுங்காய் இராது, நானே செய்துவிடுகின்றேன் என்பது. தாய்மார்களே! முதல் நாள் எழுதிய பிள்ளையின் எழுத்துக் கோணியே இருக்கும். கோணியது என்று பலகையைப் பறித்துக்கொண்டால் அப்பிள்ளை என்றும் எழுதாது. கணவர் கழுவிய பாத்திரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருக்கலாம். பத்து நாள் பொறுத்தருளுங்கள். பதினோராம் நாளும் ஒட்டியிருந்தால், அது கல்லாமை அன்று, சூழ்ச்சி என்று கொள்க.

இதுகாறும் மனைவியார் வீட்டிலிருக்கும் குடும்பத்தைப் பற்றிக் கூறினோம். காலம் மாறியிருக்கின்றது. கணவர் வேலையிழந்து வீட்டிலிருக்க, மனைவியார் வெளியே உழைக்கும் குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. அதனையும் மறைக்காது பேசுதல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயை முன்னிட்டு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, யாம் அறிந்த இளைஞர் ஒருவர் வேலையிழந்தார். அவர் மனைவியார் மருத்துவமனைச் செவிலியர். அந்நோய்க் காலத்தில் அவர் உழைப்பு இருமடங்காயிற்று. களைத்து இரவில் வீட்டுக்கு வந்தால், காலையில் உண்ட தட்டுகள் தொட்டியில் கிடக்கும். கணவர் சோம்பேறி அல்லர். வேலை போன வருத்தத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் ஒருநாள் எழுந்து பாத்திரத்தில் கைவைத்தபோது, அவருடைய தாயார், "வேலை போனது போதாதா? இதையும் ஊரார் பார்க்க வேண்டுமா?" என்று கண்ணீர் விட்டுத் தடுத்துவிட்டார். மகனிடம் அன்பினாலேயே அவர் தடுத்தார். ஆனால் அவ்வன்பின் விலையை மருமகள் நள்ளிரவில் நின்று கொடுத்துக்கொண்டிருந்தாள்.

இவ்வழக்கு எம்மிடம் வந்தது. எமக்குத் தெரிந்த துலாக்கோல் ஒன்றே ஆதலின் அதனையே எடுத்தோம். மனைவி வெளியே பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால், அந்நேரத்து வீட்டு வேலை வீட்டிலிருப்பவருடையது. அவர் ஆடவராயினும் பெண்டிராயினும் ஒன்றே. வேலை தேடி விண்ணப்பம் எழுதும் நேரமும், நேர்முகத் தேர்வுக்கு அலையும் நேரமும் உழைப்பே, அவற்றைக் கழித்துக்கொள்க. அன்றியும், வேலையிழந்தவரின் உள்ளத்துக்கும் ஒரு சுமை உண்டு. "சும்மாதானே இருக்கின்றீர்" என்று சொல்லி அதனைப் பெருக்குதல் கூடாது. அச்சொல் நம் பெண்களை இத்தனை காலம் எவ்வாறு சுட்டிருக்கும் என்பதை அவ்விளைஞர் அன்று உணர்ந்திருப்பார்.

முதலில் தாயார் மனந் திரும்பவில்லை. "உங்கள் மகளாக இருந்து, அவள் இரவு பத்து மணிக்கு நின்று பாத்திரம் துலக்கினால், மருமகனை என்ன சொல்லுவீர்கள் அம்மா?" என்று கேட்டோம். அவர் விடை கூறவில்லை. ஆனால் மறுநாள் மகனைத் தடுக்கவும் இல்லை. ஓராண்டுக்குப் பின் அவ்விளைஞருக்கு வேறு வேலை கிடைத்தது. அப்போது மனைவியார் கேட்டது ஒன்றே: "எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள், இரவுப் பாத்திரத்தை மட்டும் விடாதீர்கள்." அதனை அவர் இன்றும் விட்டிலர் என்று கேட்டு மகிழ்கின்றோம்.

அரசும் நீதிமன்றமும் இவ்வுழைப்பைக் காணத் தொடங்கிவிட்டன. 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அவர்கள், கணவர் ஈட்டிய பொருளால் வாங்கிய சொத்தில் வீட்டைப் பேணிய மனைவிக்கும் சமபங்கு உண்டென்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தார். மனைவியின் உழைப்பு இன்றேல் கணவர் அப்பொருளை ஈட்டியிருத்தல் இயலாது என்பதே அதன் அடிப்படை. அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் நம் மாநில அரசு தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயரிட்டனர்; அதில் 'உதவி' என்னும் சொல் இல்லை என்பதைக் கருதுக. அரசு தொகை தரலாம். நீதிமன்றம் பங்கு தரலாம். ஓய்வை அவர்கள் தர இயலாது. அது நம் கையில் உள்ளது.

இனிச் செய்யத்தக்கன சில கூறி முடிப்போம்.

வீட்டுக்குச் சென்றதும் இருவரும் அமர்ந்து, ஒரு நாளின் வேலைகள் அனைத்தையும் தாளில் எழுதுங்கள். எழுதுமுன் எவரும் எவரையும் குறைகூற வேண்டா; தாள் தானே பேசும். பின்னர், கணவர் சில வேலைகளை முழுமையாக ஏற்க வேண்டும். முழுமையாக என்பதை வற்புறுத்துகின்றோம். மாவு அரைத்தல் என்றால் உளுந்து தீர்ந்ததை அறிந்து வாங்குதல் முதல், ஊறவைத்து, அரைத்து, கல்லைக் கழுவித் துடைத்தல் ஈறாக. இடையில் எவரும் நினைவூட்டலாகாது. மூன்றாவதாக, வீட்டில் இருப்பவர்க்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் உரிமை ஓய்வு என்று குறித்து விடுங்கள். அந்நேரத்தில் வீடு பற்றியெரிந்தால் அன்றி அவரை அழைத்தல் கூடாது. நான்காவதாக, மகனுக்கும் மகளுக்கும் ஒரே வேலையைக் கற்பியுங்கள். மகளை "போகும் வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும்" என்று சொல்லிச் சமையல் பழக்குகின்றோம். மகனுக்கும் ஒரு பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க வேண்டிய நாள் வரும் அன்றோ?

சங்கத்துக்கும் இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. நம் ஆண்டு விழாப் பந்தியில் ஆடவர் முதலில் அமர்கின்றனர். பெண்டிர் பரிமாறிவிட்டு, சோறு ஆறி, வடை தீர்ந்த பின்னர் அமர்கின்றனர். வரும் ஆண்டு விழாவில் முதற் பந்தியில் தாய்மார் அமர்க. செயற்குழுவினர் அனைவரும் வாளியெடுத்துப் பரிமாறுக. யாம் சாம்பார் வாளியை ஏற்கின்றோம். இரண்டாவது, வரன் பதிவேட்டிலும் ஏனைய பதிவேடுகளிலும் 'வேலை: இல்லை' என்னும் தொடரை இன்றே நீக்கி, 'இல்லப்பணி' என்று எழுதுமாறு தீர்மானம் கொணர வேண்டுகின்றோம். மை செலவு அதிகம் ஆகாது.

யாம் செம்மையாக நடக்கின்றோம் என்று கூறவரவில்லை. ஓராண்டாக எம் வீட்டில் இரவுப் பாத்திரமும், மாவும், காலைக் குடிநீரும் எம் பொறுப்பு. முதல் வாரத்தில் உப்பிட மறந்து மாவைப் பாழாக்கினோம். தேர்வுக் காலத்தில் இரண்டு வாரம் முற்றும் தவறினோம். எம் இல்லாள் ஒன்றும் சொல்லாது தாமே செய்தார். அச்சொல்லாமையே எம்மை மிகச் சுட்டது. மீண்டும் தொடங்கினோம். குறுந்தொகையில் ஒரு பாட்டை ஆண்டுதோறும் நடத்துகின்றோம். புதுமணப் பெண் புகை கண்ணிற் படிய முதன்முதல் சமைத்ததைக் கணவன் இனிதென்று உண்ண, அவள் முகம் மலர்ந்ததை அது கூறும். இத்தனை ஆண்டும் அக்கணவனின் இனிய மனத்தையே புகழ்ந்து வந்தோம். இவ்வாண்டு பின்வரிசையிலிருந்த மாணவன் ஒருவன், "ஐயா, சாப்பிட்ட பிறகு பாத்திரத்தை யார் கழுவினார்?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. அவனை அதட்ட வாயெடுத்த யாம், நின்று, "நல்ல வினா, இன்று இரவு உன் வீட்டில் யார் கழுவுகின்றார் என்று பார்த்து வா" என்றோம்.

இப்போது மாலை ஏழு முதல் எட்டு வரை எம் இல்லாள் மொட்டை மாடியில் நாற்காலியிட்டு அமர்கின்றார். சில நாள் வார இதழ் படிக்கின்றார். சில நாள் ஒன்றும் செய்வதில்லை. அவர் அங்ஙனம் ஒன்றும் செய்யாது அமர்ந்திருத்தலை எம் பதினெட்டு ஆண்டு இல்வாழ்க்கையில் அதற்கு முன் கண்டதில்லை என்பதை இவ்வவையில் நாணத்தோடு கூறுகின்றோம்.

அன்பர்களே! எழுவாய் மறைந்து நின்றாலும் இலக்கணத்தில் வாக்கியம் பிழைபடாது; வாழ்க்கையில் பிழைபடும். ஆதலின் இன்று வீடு சென்று "சோறு ஆயிற்றா?" என்று கேளாதீர். "நீ சமைத்தாயா? நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். சின்னாள் கழித்து, இரண்டாம் வினாவும் வேண்டாதபடி நாமே அறிந்து செய்வோம்.